அம்மம்மாவுக்கும் மனம் இருந்தது, நடுவரே!

நடுவர் அவர்களே, திருகோணமலைச் சபையோரே, வணக்கம். போனை விட முடியாமல் தவிக்கிறோமே, அதற்குப் பெரிய காரணம் கருவியா, மனமா? மனம் என்று பேச வந்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தான் தந்திருக்கிறார்கள், வாழ்த்துப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "மனம்தான் காரணம் என்றால் உங்கட அம்மம்மாவுக்கு மனமே இருக்கேல்லையா ஐயா? அவ என்ன போன் பைத்தியம் பிடிச்சா திரிஞ்சவ?"

தம்பி, என்னை என்னவும் சொல்லும். அம்மம்மாவை இழுத்துவிட்டீர், இனி விடமாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அதைத் தொடும் உரிமை அம்மம்மாவுக்கு மட்டும். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் ஒரு குஞ்சும் வாய் திறக்கக்கூடாது. ஒருநாள் சோறு பொங்கி வழிந்து அடுப்பே அணைகிறது, அம்மா குசினிக்கு ஓடப் பார்க்கிறார். "நில்லடி!" ஏன்? அப்போதுதான் "அன்னாரின் அன்பு மைத்துனரும்" என்று வாசிக்கிறார்கள். "மருமக்கள் பேர் வரட்டும், சோறு பிறகு."

செத்தவர் எங்கள் சொந்தமா? இல்லை. எங்கள் ஊரா? அதுவும் இல்லை. மன்னாரில் பிறந்து பதுளையில் வாழ்ந்த யாரோ ஒரு புண்ணியவான். ஆனால் அவருடைய மூத்த மகன் எங்கே இருக்கிறான், இளைய மகள் கலியாணம் முடித்துவிட்டாளா, எல்லாம் அம்மம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்று முகநூலில் முன்பின் தெரியாதவனின் கலியாணப் படங்களைக் கடைசிப் படம் வரை தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே, நமக்கு அவன் என்ன மைத்துனனா?

இன்னும் கேளுங்கள். பற்றரி இறங்கினால் கழற்றி முற்றத்து வெயிலில் காயவைப்பார். காகம் தூக்காமல் காவல் நான். மழை நாளென்றால் பக்கத்து வீட்டு வேலியில் காதை வைத்துக்கொண்டு நிற்பார், தலையில் ஒரு சாக்கு. சோறு? அது அன்றைக்கும் அடிப்பிடிக்கும்! இந்தச் சபையில் சார்ஜர் தேடி அலைகிற பிள்ளைகளே, வேலியடியில் நனைந்துகொண்டு நின்றவர் உங்கள் பூட்டி.

இப்போது சொல்லும் தம்பி. கையில் போன் இல்லை. நோய் இருந்ததா, இல்லையா? எங்கோ ஒன்று நடந்து தனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பதற்றம் அது. இன்றைக்கு அதற்கு 'ஃபோமோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மம்மா பெயர் வைக்காமலே அனுபவித்துவிட்டுப் போனார்.

எதிரணித் தலைவி, தள்ளத் தள்ள முடிவே இல்லாத திரையை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கின் மேல் வழக்குப் போட்டார். சரி, அந்த மனிதரே பின்னாளில் அதற்காக வருந்தியவர்தான். ஆனால் 2014இல் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்து திமோதி வில்சன் குழு வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். வெறும் அறை, 15 நிமிடம், போன் கிடையாது. அமர்த்தினால் மின்சாரம் அடிக்கும் ஒரு பொத்தான் மட்டும். காசு கொடுத்தாவது அந்த அடியைத் தவிர்ப்போம் என்று முன்பு சொன்னவர்களின் கணக்கை மட்டும் சொல்கிறேன். 24 பெண்களில் 6 பேர் அமர்த்தினார்கள். 18 ஆண்களில்? 12 பேர்! அக்காமார் தாராளமாகக் கைதட்டலாம். அண்ணன்மார் ஏன் குனிகிறீர்கள்? அதில் ஒருவர் 190 தடவை அமர்த்தியிருக்கிறார். அந்த மனிதருக்கு யாராவது ஒரு போனில் ரீலோட் போட்டுக் கொடுத்திருந்தால் தப்பியிருப்பார். தன்னோடு தான் 15 நிமிடம் இருக்க முடியாத மனம், நடுவரே! போனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

மணியில் கை வைக்கிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று.

உப்புவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். மகன் டொரன்டோவில். அவன் மாலை ஆறு மணிக்கு வேலை விட்டு வந்தால் இங்கே விடியப்புறம் மூன்றரை, பனிக்காலத்தில் நாலரை. போன் தலையணைக்குப் பக்கத்தில், சத்தம் முழுதாக. அடித்தாலும் எடுப்பார், அடிக்காவிட்டாலும் எடுப்பார். அவருக்கு வீடியோவும் தெரியாது, கேமும் தெரியாது. வாட்ஸ்அப்பைத் திறந்து மகனின் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், "பிள்ளை வீட்டை வந்திட்டான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார். ஒரு வரி எழுதமாட்டார். களைத்து வந்த பிள்ளையைக் குழப்பக்கூடாதாம். பேத்தி சொல்கிறாள், "அம்மம்மா போனுக்கு அடிமை" என்று.

கருவிதான் குற்றவாளி என்கிற எதிரணித் தலைவி அவர்களே, உங்கள் கட்சி சரியென்றால் நாளைக் காலை அந்த ஒழுங்கைக்கு நானே கூட்டிப் போகிறேன். நீங்களே உங்கள் கையால் அந்தப் போனை வாங்கிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்! மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.