தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். குப்பைத்தொட்டியைப் பற்றிப் பேசவா வானொலிக்குக் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். 30 வருடம் வெல்டிங்கில் இரும்பு ஒட்டின எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை கடற்கரை வீதி ஒன்றுக்கு நானே இரும்புத் தகட்டில் தொட்டிகள் செய்து கொடுத்தேன். பச்சைப் பெயின்ற், பார்க்க நல்ல வடிவு. அடுத்த மாரி முடிந்து போய்ப் பார்த்தால் பெயின்ற் அப்படியே இருக்கிறது. அடித்தகடு மட்டும் விரலால் அழுத்த பிஸ்கற் மாதிரி நொறுங்குகிறது. இளநீர்க் கோம்பையும் சோற்றுப் பார்சலும் வடித்த தண்ணீர் உள்ளே தேங்கி, உப்புக்காற்றோடு சேர்ந்து தின்றுவிட்டது. தண்ணீர் போக நான் ஓட்டை விடவில்லை. என் பிழைதான்.

ஆகவே தொட்டி வாங்குகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கறள் மட்டுமில்லை, நுளம்பும் வரும். டெங்கு நுளம்பின் முட்டை, தண்ணீர் வற்றினாலும் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

இரும்புதான் வேண்டுமென்றால், வெட்டி ஒட்டித் துளைத்து எல்லாம் முடிந்த பிறகு உருகிய நாக உலோகத்தில் (சிங்க்) தோய்த்தெடுத்ததைக் கேளுங்கள். நாகம் பூசிய தகட்டை வாங்கி ஒட்டினால், ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துபோகும். கறள் அங்கேயே தொடங்கும். எவர்சில்வரில் 304 என்ற வகைகூடக் கடலோரத்தில் தேத்தண்ணீர்க் கறை மாதிரி நிறம் மாறும். 316 தாங்கும், ஆனால் விலை கூட. களவும் போகும்!

சில்லு வைத்த 240 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டிக்குக் கறள் பயமில்லை. வெயில்தான் எதிரி. புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாதது வெளிறி, வெடித்துப்போகும். மூடியின் பிணைச்சல்தான் முதலில் கழரும். அதைத் தனியாக வாங்கி மாற்றலாமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். மூடி போனால் காகமும் நாயும் சொப்பிங் பைகளை வீதியெல்லாம் இழுத்துவிடும். அப்புறம், சருகைக் கூட்டித் தொட்டிக்குள்ளேயே நெருப்பு வைக்கிற நம்மவர்களுக்கு எந்தப் பிளாஸ்ரிக்கும் தாங்காது.

கொங்கிறீற் தொட்டியை மாடு கவிழ்க்காது, உண்மைதான். உள்ளே தூக்கியெடுக்கும் வாளி இல்லாவிட்டால் ஒரு தொழிலாளி குனிந்து கையால் அள்ள வேண்டும். அதனால் அது வேண்டாம் என்பேன்.

ஒரு விடியற்காலை, சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவர் என் தொட்டியின் கைபிடியைக் காட்டி, "அண்ணை, கையுறையோட விரல் போகேல்லை" என்றார். அடுத்த தொட்டிகளில் கைபிடியை ஒரு அங்குலம் தள்ளி ஒட்டினேன்.