விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக் காகம்

வணக்கம். 1961 ஜூன் 16. பாரிசின் லே பூர்ஜே விமான நிலையம். சோவியத் நடனக் குழு முழுவதும் லண்டனுக்குப் புறப்படும் வேளையில், 23 வயதுக் கலைஞர் ஒருவரிடம் மட்டும், மாஸ்கோவுக்குத் திரும்பி கிரெம்ளினில் ஆட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. திரும்பினால் வெளிநாட்டு மேடையை இனிக் காணவே முடியாது என்பது அவருக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிடுகிறது.

அவர்தான் ருடால்ஃப் நூரேயெவ். அவரைப் பற்றி ரேஃப் ஃபைன்ஸ் இயக்கிய படம் 'தி ஒயிட் க்ரோ' (2018), அதாவது வெள்ளைக் காகம். நம்மிடையே வெள்ளைக் காக்கா பறக்கிறது என்றால் நம்ப முடியாத கதை. ரஷ்ய மொழியிலோ, கூட்டத்தோடு ஒட்டாதவரைத்தான் வெள்ளைக் காகம் என்பார்கள். நூரேயெவுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. ஓடும் ரயிலில் பிறந்து, ஊஃபா நகரின் வறுமையில் வளர்ந்து, 17 வயதில்தான் லெனின்கிராட் பாலே பள்ளிக்குள் நுழைந்தவர், ஆறே ஆண்டுகளில் பாரிசைத் தன் ஆட்டத்தால் கட்டிப்போட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

நூரேயெவாக வரும் ஓலெக் இவென்கோ நிஜமான பாலே கலைஞர்; ஆகவே கால்களை மறைத்து ஏமாற்றும் வேலை கேமராவுக்கு இல்லை. ஹாரி பாட்டர் படங்களில் வோல்டமார்ட்டாக மிரட்டிய ஃபைன்ஸ், இதில் நூரேயெவின் பாலே ஆசிரியர் புஷ்கினாக ரஷ்ய மொழியில் தணிந்த குரலில் பேசுவதைத் தவறவிடாதீர்கள்.

இனி விமான நிலையத்துக்கு வருவோம். படத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. செய்தி கேட்டு ஓடிவந்த தோழி கிளாரா செயின்ட், பிரெஞ்சுக் காவலர்களிடம் உதவி கேட்கிறார். அவர்களோ, தாங்களாகப் போய் நூரேயெவை அழைக்க முடியாது, அவரே தங்களிடம் வந்து கேட்க வேண்டும் என்கிறார்கள். சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ஆட்களுடைய கண் முன்னே, விடைபெற முத்தமிடுவதுபோல் நெருங்கி, அந்தச் செய்தியைக் கிளாரா அவர் காதில் சொல்கிறார். மேடையில் ஆளுயரத்துக்கு எம்பிப் பறந்தவருக்கு, அன்று தேவைப்பட்டது தரையில் சில அடிகள்தான். பிறகு ஓர் அறை, அதில் இரண்டு கதவுகள்: ஒன்று சோவியத் அதிகாரிகள் காத்திருக்கும் பக்கம், மற்றொன்று பிரான்சின் பக்கம். எந்தக் கதவு என்பதை அவர் தனியாக முடிவு செய்ய வேண்டும். இந்தக் காட்சியை நான் மூன்று முறை பார்த்தேன். முடிவு தெரிந்தும் ஒவ்வொரு முறையும் மூச்சு முட்டியது. அரசியல் முழக்கம் எதுவும் இல்லாமல், ஆடுவதற்கு இடம் வேண்டும் என்ற ஒரே ஏக்கத்தை அந்த முகத்தில் காட்டியது ஃபைன்ஸின் பெரிய சாதனை என்பேன்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. படம் 1961 உடன் நின்றுவிடுகிறது. அந்தச் சில அடிகளுக்குப் பிறகு அவர் தம் தாயைப் பார்க்க 1987 வரை, 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்திப்பும் படத்தில் இருந்திருக்க வேண்டுமா? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.