பழைய கணினியில் வருமான வரி ரிட்டர்ன்

நேயர்களுக்கு வணக்கம். ஜூலை பிறந்துவிட்டாலே ஓய்வூதியர்கள் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான்: "வீட்டில் பழைய கம்ப்யூட்டர்தான் சார் இருக்கு. ரிட்டர்ன் போட எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?"

பென்ஷன், வங்கி வட்டி, ஒரு வீட்டு வாடகை, இவ்வளவுதான் வருமானம் என்றால் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். விலைக்கு வரும் மென்பொருள்கள் பெரும்பாலும் நிறைய பேருடைய கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கானவை. படிவங்கள் வருஷா வருஷம் மாறுவதால் போன வருஷத்து மென்பொருள் இந்த வருஷம் உதவாது. தெரிந்தவர் பென் டிரைவில் தரும் கள்ள நகலைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதற்குள்தான் போகப்போகின்றன.

வருமான வரித் துறையின் போர்ட்டலிலேயே எல்லாம் இலவசம். பழைய கணினிக்கு நான் முதலில் சொல்வது நேரடி ஆன்லைன் தாக்கல். கணக்குப் போடும் வேலையைத் துறையின் சர்வர் பார்த்துக்கொள்கிறது. உங்கள் பக்கம் நல்ல பிரவுசர் ஒன்று இருந்தால் போதும்.

சிக்கலே அந்தப் பிரவுசரில்தான். விண்டோஸ் 7, 8.1 இரண்டிலும் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பக்கம் திறக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். திறக்கும்தான். ஆனால் திருத்தம் வராத கணினியில் வங்கி விவரத்தைத் தட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணினி நன்றாக ஓடுகிறது, 4 ஜிபி ராமும் இருக்கிறது என்றால், தெரிந்த பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்லுங்கள். காசு கிடையாது. அதிலுள்ள ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் வழியாக ரிட்டர்ன் போடலாம். மாற்றுவதற்கு முன் பழைய கோப்புகளைப் படியெடுத்து வைப்பது முக்கியம்.

இணையம் அடிக்கடி அறுந்துபோகும் ஊர்க்காரர்களுக்குத் துறையின் ஆஃப்லைன் செயலி இருக்கிறது. இது விண்டோஸுக்கானது. துறையே முன்நிரப்பிய விவரங்களைப் போர்ட்டலிலிருந்து ஜேசன் (JSON) வகைக் கோப்பாக இறக்கி, அதைச் செயலிக்குள் ஏற்றி, நிதானமாகத் திருத்தலாம். கடைசியில் அனுப்பும்போது இணையம் இருந்தால் போதும்.

எக்செல் படிவமும் தருகிறார்கள். அது மேக்ரோவை, அதாவது கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரலை, நம்பி ஓடுவது. எக்செலுக்குப் பதிலாகச் சிலர் வைத்திருக்கும் இலவச லிப்ரே ஆபீஸில் சரியாக வராது. எக்செல் இருந்தும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜிப் கோப்புக்குள்ளேயே வைத்துத் திறந்துவிடுகிறார்கள், பொத்தான்கள் வேலை செய்வதில்லை. முதலில் வெளியே பிரித்தெடுங்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், அடியில் 'அன்பிளாக்' என்ற கட்டம் இருக்கும். அதை டிக் செய்து ஓகே கொடுங்கள். அப்புறம் திறந்து, மேலே மஞ்சள் பட்டை வந்தால் 'எனேபிள் கன்டென்ட்' கொடுங்கள்.

எந்த வழியில் போனாலும், முன்நிரப்பிய தொகைகளை அப்படியே நம்பிவிடாமல் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், வட்டி போன்ற வருமானத்தைக் காட்டும் ஏஐஎஸ் ஆகிய துறையின் இரண்டு அறிக்கைகளோடும் பாஸ்புக்கோடும் ஒத்துப்பாருங்கள். ஏதாவது ஒரு டெபாசிட்டின் வட்டி விடுபட்டிருக்கலாம்.

அனுப்பிய 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பை, அதாவது ரிட்டர்ன் உங்களுடையதுதான் என்று இணையத்தில் உறுதிசெய்வதை, முடிக்க வேண்டும். தாண்டினால், சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நாள் கடைசித் தேதியைத் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம் வந்து சேரலாம். ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் ஓடிபி போதும். 80 வயது நிறைந்தவர்கள், ஐடிஆர் 1 அல்லது 4 என்ற ரிட்டர்ன் படிவத்தைப் போடுபவர்களாக இருந்தால், காகிதப் படிவத்திலேயே தாக்கல் செய்ய அனுமதி உண்டு. கணினியே வேண்டாம் என்கிற பெரியவர்கள் அந்த வழியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.