சேமித்த அரிசியும் காவல் துப்பாக்கியும்: அமெரிக்க மாநிலச் சட்டங்கள்

அவையோருக்கு வணக்கம்.

2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தபோது, அமெரிக்காவில் நம்மவர் கடைகளில் நின்ற வரிசையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று சில கடைகளில் எழுதி ஒட்டினார்கள். அன்று நாலு கடை ஏறி இறங்கிப் பத்து மூட்டை சேர்த்தவர் சட்டப்படி குற்றவாளியா? இல்லை. சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்குச் சேர்த்துவைப்பதைச் சாதாரண நாளில் தண்டிக்கும் மாநிலச் சட்டம் எதையும் நான் கண்டதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீர் வீதம் பல நாளுக்கு எடுத்துவையுங்கள் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. பெட்ரோல் மட்டும் வேறு கதை. எவ்வளவு வைக்கலாம் என்பதை உங்கள் ஊர்த் தீயணைப்பு விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்ததை விற்கும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2020 மார்ச்சில் டென்னசியில் ஒருவர் 17,700 புட்டி கிருமிநாசினியைக் குவித்து இணையத்தில் கொள்ளை விலைக்கு விற்கப் பார்த்தார். மாநில அரசு விசாரணையில் இறங்கியதும் அத்தனையையும் இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. கலிபோர்னியாவில் அவசரநிலை அறிவித்துவிட்டால், அத்தியாவசியப் பொருளின் விலையைப் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது குற்றம்.

இனி, சேர்த்துவைத்ததைக் காப்பது. புளோரிடாவின் 2005 சட்டம், அடாவடியாக வீடு புகுந்தவனைக் கண்டு வீட்டுக்காரர் உயிருக்கு அஞ்சியது நியாயமே என்று எடுத்துக்கொள்கிறது. வெளியிடத்தில் விலகிப்போக வழியிருந்தால் போ என்று சொல்லும் நியூயார்க் சட்டம்கூட, சொந்த வீட்டுக்குள் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் இவையெல்லாம் உயிரைக் காக்கத் தரும் உரிமைகள். இதைப் பண்டத்துக்கும் நீட்டிக்கொள்கிறவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை.

அயோவாவில் ஒரு தம்பதிக்கு ஆளில்லாத பழைய பண்ணை வீடு இருந்தது. ஜன்னலை உடைப்பதும் சாமான்களைத் தூக்கிப்போவதும் வருஷக்கணக்கில் நடந்தன. 1967-இல் கணவர் ஒரு துப்பாக்கியைப் படுக்கையறை இரும்புக் கட்டிலில் கட்டினார். விசையிலிருந்து கதவுக் கைப்பிடிக்கு ஒரு கம்பி இழுத்தார். முதலில் வயிற்று உயரத்துக்குக் குறிவைத்தவர், மனைவி சொன்னதால் கால் உயரத்துக்கு இறக்கினார். உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. பழைய கண்ணாடி ஜாடி தேடி வந்தவன் கதவைத் திறந்தான், கால் சிதைந்தது. திருட்டுக் குற்றத்துக்கு அவன் கட்டிய அபராதம் 50 டாலர். வீட்டுக்காரருக்கு விதித்த இழப்பீடோ 30,000 டாலர்! நிலத்தில் 80 ஏக்கரை விற்றார்கள். 1971-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. வெறும் பொருளைக் காக்க உயிர் பறிக்கும் பொறி வைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் சாரம். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. கம்பிக்கு, வந்தவன் திருடனா தீயணைப்பு வீரனா என்று தெரியாது.

மொன்டானாவில் 2014-இல் கார் கொட்டகையைத் திறந்துவிட்டு, உள்ளே கைப்பை வைத்து, நடமாட்டம் காட்டும் கருவியும் பொருத்திக் காத்திருந்தவர், நுழைந்த 17 வயது ஜெர்மானிய மாணவனைச் சுட்டுக் கொன்றார். வீட்டைக் காத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. 70 ஆண்டுச் சிறை.

டெக்சஸ் மட்டும் ஒரு படி தாண்டிவிட்டது. அதன் தண்டனைச் சட்டம் 9.42-ஆம் பிரிவு, இரவுத் திருட்டைத் தடுக்கவும், திருடிக்கொண்டு ஓடுபவனை மறிக்கவும், வேறு வழியில்லை என்று நியாயமாக நம்பினால், உயிர் போகும் அளவு பலத்தைக் கூட அனுமதிக்கிறது. அரிசி மூட்டைக்கும் ஜெனரேட்டருக்கும் ஓர் உயிரை ஈடாக வைக்கும் அந்தப் பிரிவு நீங்க வேண்டும். அங்கே வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.