நான்கு கட்டங்களும் கடைசி வீட்டுப் பாட்டியும்

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்காரி, ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் இன உறவுகளைப் பற்றிப் படித்தேன் என்றால் ஊரில் உடனே, "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். என் அம்மாவும் கேட்டார்.

'ஹுபுங்கான் எத்னிக்', அதாவது இன உறவுகள், என்ற பாடத்தை அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் எல்லாத் துறை மாணவர்களும் கட்டாயம் எடுக்கவேண்டியிருந்தது. பலரும் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துபோனோம். என்னைப் பிடித்து இழுத்தது வேறொன்று: நாம் நிரப்பும் பாரங்களில், அதாவது படிவங்களில், வரும் கட்டங்கள். மலாய், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' என்ற மற்றவர். இந்த நான்கும் எங்கிருந்து வந்தன?

1891இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் பிரிட்டிஷார் எடுத்த கணக்கெடுப்பில், 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்று ஒரு தலைப்பு இருந்தது. பஞ்சாபியும் வங்காளியும் அன்று நமக்குப் பின்னால் 'பிற' ஆக நின்றார்கள். இன்று தலைப்பில் 'இந்தியர்' இருக்கிறது, 'தமிழர்' என்ற சொல் உள்ளே போய்விட்டது. இனம் என்று நாம் நினைப்பதில் பாதி, எண்ண வந்தவரின் வசதி. நம் அரசியலமைப்பின் 160ஆவது விதியைப் பாருங்கள். மலாய்க்காரர் யார் என்பதற்கு இஸ்லாம், மலாய் மொழி, மலாய்ப் பழக்கவழக்கம், அப்புறம் பிறப்பு, குடியிருப்பு பற்றிய நிபந்தனை என்று சொல்கிறது. முக ஜாடை பற்றி அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டிதான் ஞாபகம் வந்தார். சீனக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாகத் தமிழ் வீட்டுக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்டவர். தோட்டப்புறத்தில் இது அதிசயமில்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய், நெற்றியில் விளக்கு கட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் புடவை. சந்தையில் மீன் விற்கும் தௌக்கே, அந்தச் சீன முதலாளி, சீனத்தில் விலை சொன்னால், "எனக்கு அது வராது" என்று மலாயில் பதில் சொல்லிவிட்டு, தமிழில் முணுமுணுப்பார். மீன் விலையைப் பற்றித்தான். பெயருக்குப் பின்னால், 'மகள்' என்று பொருள்படும் 'ஏ.பி.' போட்டு, வளர்த்த அப்பாவின் பெயர்.

மூன்றாம் வருஷ ஆய்வுக்காக ஒரு பாரத்தோடு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பாட்டி, நீங்க எந்த இனம்னு போடட்டும்?"

"ஐ.சி.யில என்ன இருக்கு?"

"அடையாள அட்டையில இனம் போட மாட்டாங்க பாட்டி. உங்க பேரும் அப்பா பேரும்தான் இருக்கு."

"அப்பா பேரு இருக்குல்ல? அப்புறம் என்ன? இந்தா, சும்மா உக்காந்திருக்காம இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடு."

பாரத்தை மடித்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்தேன்.

நன்றி, வணக்கம்.