எந்தக் கைவேலை உங்களுக்கு செட் ஆகும்? நடுவுல எழுந்து போனா என்ன ஆகும்னு பாருங்க

(திரையில்: ஒரே டேபிள் மேல குரோஷே ஊசி, வயர் பண்டல், ரெசின் பாட்டில், ஆரி ஃப்ரேம்)

புதுசா ஒரு கைவேலை கத்துக்கணும்னு ஆசை வந்தாச்சு, ரீல்ஸா பார்த்துத் தள்ளியாச்சு, குரோஷேவும் நல்லாருக்கு, ரெசினும் நல்லாருக்கு, தஞ்சாவூர் பெயின்டிங்கும் நல்லாருக்கு, எதை எடுக்கறதுன்னுதான் தெரியல. பெரும்பாலும் என்ன பண்றோம்னா முடிச்ச பொருள் எது அழகா இருக்கோ அதுல போய் விழுந்துடறோம். ஆனா அந்த அழகான பொருள் கைக்கு வர்றதுக்கு முன்னாடி பாதியில நிக்கற பொருளோடதான் வீட்ல நிறைய நாள் குடித்தனம் பண்ணணும். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை மட்டும் யோசிங்க. வேலை பாதியில இருக்கு, காலிங் பெல் அடிக்குது, இல்ல தூங்கின குழந்தை எழுந்துருச்சு, போட்டது போட்டபடி எழுந்து போனா அந்த வேலை என்ன ஆகும்?

ரெசின்ல இருந்தே ஆரம்பிக்கலாம், ரொம்ப ஆசை காட்டறது அதுதானே. அச்சுல ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகற திரவம் அது. ரெசின், அதை இறுக வைக்கற ஹார்டனர்னு ரெண்டு பாட்டில் வரும், பாட்டில்ல போட்டிருக்கற அளவுல, சிலது 2:1, சிலது 3:1, சரியா கலக்கணும். கலந்த உடனே உள்ள ரியாக்‌ஷன் ஆரம்பிச்சிரும், சூடு கிளம்பும், ஒரே கப்புல நிறைய கலந்து வச்சீங்கன்னா இன்னும் சீக்கிரமா இறுகும், நம்ம ஊர் வெயில்ல கேக்கவே வேண்டாம். பெல் அடிச்சா அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஊத்தி முடிச்சப்புறமும் தூசி விழாம, ஆட்டாம, பெரும்பாலும் ஒரு நாள் முழுக்க வைக்கணும். தோல்ல திரும்பத் திரும்பப் பட்டா அலர்ஜி வர வாய்ப்பு இருக்கு, வந்துட்டா அப்புறம் கொஞ்சம் பட்டாலே அரிக்கும், அதனால நைட்ரைல் க்ளவுஸும் நல்லா காத்தோட்டமும் கட்டாயம். சின்ன வீடு, கைக்குழந்தை வேற இருக்குன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், கோஸ்டர் கடையில வாங்கிக்கலாம்.

இதுக்கு அப்படியே நேர் எதிர் நம்ம வயர் கூடை. ஆமாங்க, பாட்டி காய்கறி வாங்கப் போன அதே கூடை.

(திரையில்: சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, கிட்டத்துல)

எனக்குத் தெரிஞ்சு யாரும் மதிக்காத சூப்பரான ஹாபி இதுதான். நெடுக்க நிக்கற கட் வயரை ஒரே அளவா வெட்டி வச்சுக்கணும், சுத்தி வர்ற ரன்னிங் வயர் பண்டல்ல இருந்து வந்துக்கிட்டே இருக்கும், அடியைப் போட்டு முடிச்சுட்டு அப்படியே சுத்திச் சுத்தி மேல ஏத்தணும். ஒவ்வொரு முடிச்சும் இழுத்து இறுக்கினதோட அதுபாட்டுக்கு நிக்கும், பாதியில விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் விட்ட இடத்துலயே இருக்கும், தூசி தட்டிட்டு அடுத்த முடிச்சு போடலாம். கஷ்டம் வேற இடத்துல இருக்கு. கட் வயரை அளவு கம்மியா வெட்டிட்டா மேல போகும்போது பத்தாது, எண்ணிக்கையில ஒரு முடிச்சு விட்டாலும் டிசைன் கோணிக்கும், பிரிச்சுக்கிட்டே அந்த இடம் வரைக்கும் வரணும். முதல் கொஞ்ச நாள் விரல் நுனி நல்லா வலிக்கும். இதுல கை பழகினவங்க பனை ஓலைக்குப் போகலாம், செட்டிநாட்டுல கொட்டான்னு சொல்ற ஓலைக் கூடை மாதிரி. ஆனா ஓலை நனைஞ்சு வளையற பதத்துல இருக்கும்போதே பின்னணும், காய்ஞ்சா மடிக்கற இடத்துல ஒடியும், எழுந்து போய்ட்டு வந்தா மறுபடி ஈரத்துணி போட்டு வைக்கணும்.

குரோஷே, அதான் கொக்கி ஊசியால நூலைப் பின்னறது, அதுவும் பாதியில விடறதுக்கு நல்ல வேலைதான், கடைசி லூப்ல ஒரு சேஃப்டி பின் மாட்டிட்டா போதும், இல்லாட்டி யாராவது நூலை இழுத்தா சரசரன்னு பிரிஞ்சிரும். ஆனா அந்தப் பிரியற குணம்தான் புதுசா கத்துக்கறவங்களுக்கு வரம், பிரிச்சு அதே நூல்ல மறுபடி போட்டுக்கலாம், எதுவும் வேஸ்ட் ஆகாது. பஸ்ல போகும்போது போடலாம், ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடற வரைக்கும் போடலாம். வெளிர் கலர்ல, பிசிர் இல்லாத நூலா, 4 மி.மீ. ஊசியோட ஆரம்பிங்க. கறுப்பு நூல்ல தையல் எங்க இருக்குன்னு கண்ணுக்கே தெரியாது.

ஆரி வொர்க், அதான் ப்ளவுஸ்ல கொக்கி ஊசியால போடற எம்ப்ராய்டரி, அதைப் பத்திக் கேப்பீங்க. துணியை ஃப்ரேம்ல டைட்டா இழுத்துக் கட்டி, மேல ஒரு கை கொக்கி ஊசியைக் குத்த, கீழ இன்னொரு கை நூலைக் கொடுத்துக்கிட்டே இருக்கும். எழுந்து போறது பிரச்சனையே இல்ல, துணியை மூடிட்டுப் போகலாம். பிரச்சனை ஃப்ரேம்தான். பெரிய ஃப்ரேம்னா ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்கும், தினமும் எடுத்து ஓரமா வச்சு மறுபடி போடணும்னா ஒரு கட்டத்துல எடுக்கவே தோணாது. கல்யாண ப்ளவுஸ் இருக்கற வரைக்கும் ஆரிக்கு ஆர்டர் வரும், அது உண்மைதான், ஆனா கையில வேகம் வர்றதுக்கு முன்னாடி ஆர்டர் எடுத்தா தேதி கழுத்தைப் பிடிக்கும், அப்புறம் அதை ஹாபின்னு சொல்ல முடியாது.

டெரகோட்டா நகை செய்யற மண் பாதியில காஞ்சு போகும்னு பயப்படாதீங்க, ஈரத்துணி சுத்தி கவர்ல போட்டு வைங்க. முழுசா காஞ்சாக்கூட உடைச்சுத் தண்ணியில ஊற வச்சா மறுபடி களிமண்தான். சுட்டதுக்கு அப்புறம்தான் திரும்பி வராது. நிழல்ல மெதுவா உலர்த்தணும், உள்ள ஈரம் இருந்து சூளையில வச்சா டப்புன்னு வெடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில உலர்த்தறது பெரிய பாடு. அபார்ட்மென்ட் மொட்டை மாடியில உமி போட்டுச் சுடலாம்னு நினைச்சீங்கன்னா அசோசியேஷன்காரங்க மேல வந்துருவாங்க, சுட்டுத் தர்ற இடம் பக்கத்துல இருக்கான்னு பார்த்துட்டு மண்ணை வாங்குங்க.

ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்குதா? அப்போ தஞ்சாவூர் பெயின்டிங். பலகையில துணி ஒட்டி அது காயணும், கல் ஒட்டணும், சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கு வச்சுப் புடைப்பா எடுத்து அது காயணும், மேல தங்க ஃபாயில், அதுக்கப்புறம்தான் கலர், முகம் கடைசி. காய விடற நேரம் வேலையிலேயே சேர்ந்து வர்றதால ஒரு வாரம் விட்டாலும் கெட்டுப் போகாது. ஆனா எல்லாம் ஒட்டி ரெடியா வர்ற கிட் வாங்கினா கலர் அடிக்க மட்டும்தான் வரும், அசல் வேலை அந்த மக்குலதான் இருக்கு. பழகற வரைக்கும் இமிட்டேஷன் ஃபாயிலே போதும், அசல் ஃபாயில் விலை வேற லெவல்.

கடைசியா ஒண்ணு, ஒர்க்‌ஷாப். சென்னை பக்கத்துல ஈசிஆர்ல, முட்டுக்காட்டுல இருக்கற கலை, கைவினை மியூசியம் தக்‌ஷிணசித்ரா மாதிரி இடங்கள்ல நடக்கும், நிறைய ஊர்ல தனியாவும் எடுக்கறாங்க. ஒரு நாள் கிளாஸ்ல மண்ணைப் பிசைஞ்சு வச்சிருப்பாங்க, துணியை ஃப்ரேம்ல கட்டி வச்சிருப்பாங்க, நமக்கு ஜாலியான நடுப்பகுதி மட்டும் கிடைக்கும். அதனால கொஞ்சம் முன்னாடியே போய் அவங்க ரெடி பண்றதைப் பாருங்க, முடிஞ்சதும் இருந்து கழுவி வைக்கறதையும் கூட நின்னு செஞ்சு பாருங்க, அதுவும் பிடிச்சிருந்தா முழு கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்டலாம்.