வெள்ளம் வருமுன்னே அணை போடு (இதயம் பத்தி மேடையில பேசினது)

தலைவர் ஐயா அவர்களே, பக்கத்துல உக்காந்திருக்கற டாக்டர் அம்மா அவர்களே (அவங்க முன்னாடி நான் இதயத்தைப் பத்திப் பேசறது மீனுக்கு நீச்சல் சொல்லித்தர்ற கதைதான், தப்பு இருந்தா கீழ இறங்கினப்புறம் திட்டுங்கம்மா), தன்னோட நேரத்தையும் என்னோட பாதி நேரத்தையும் சேத்து அருமையா பேசி முடிச்ச புலவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்துல பொருளாளர் பேரை விட்டுட்டேன்னு அவர் ஒரு மாசம் என்கிட்ட பேசல, அதனால பொருளாளர் அவர்களே, உங்களுக்கு மட்டும் ரெண்டு வணக்கம்.

இன்னிக்கு மூணு விஷயம் சொல்லப்போறேன். இதயம் எப்படி வேலை செய்யுது, ரத்தம் எப்படி சுத்துது, மூணாவது சாப்பாடு. என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எனக்கு ஒரே ஒரு பழமொழிதான் தெரியும், வெள்ளம் வருமுன்னே அணை போடு, அதையும் நடுநடுவுல சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

இதயம்னா ஒண்ணு இல்ல, ஒரே சுவரை ஒட்டிக் கட்டின ரெண்டு பம்ப்பு. வலது பக்கம் ஆக்ஸிஜன் கொறைஞ்ச ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புது, இடது பக்கம் ஆக்ஸிஜன் ஏறின ரத்தத்தை உடம்பு பூரா தள்ளுது, தூரம் ஜாஸ்திங்கறதால இடது பக்கச் சதைதான் ரொம்பத் தடிப்பு. ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னு வெச்சாலும் கிட்டத்தட்ட 5 லிட்டர் ஆச்சு. உடம்புல இருக்கற மொத்த ரத்தமே அவ்வளவுதாங்க. அதாவது நான் பொருளாளருக்கு வணக்கம் சொல்லிட்டிருந்த நேரத்துல உங்க ரத்தம் ஒரு ரவுண்டு முடிச்சிருச்சு! டாக்டர் காதுல குழாயை மாட்டிக் கேக்கற லப் டப் கூட சதை அடிக்கற சத்தம் இல்ல, உள்ள வால்வு மூடற சத்தம்.

இப்ப எல்லாரும் ஒரு கையைத் தொங்க விடுங்க. முன்கையில பச்சையா புடைக்குது பாருங்க, நாம நரம்புன்னு சொல்றோம், நரம்பு வேற, இது சிரை. மணிக்கட்டுப் பக்கம் அதுமேல ஒரு விரலை அழுத்திக்கங்க, இன்னொரு விரலால அங்கேருந்து முழங்கை பக்கமா நீவி விட்டு அந்த விரலை எடுத்துடுங்க. சிரை தட்டையாவே கெடக்கும், மேல இருக்கற ரத்தம் கீழ வராது, ஏன்னா உள்ள வால்வு இருக்கு. அழுத்தின விரலை எடுத்தாத்தான் நிரம்பும். வெள்ளம் வருமுன்னே அணை போடுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே உடம்பு போட்டு வெச்சிருக்கு! 1628ல வில்லியம் ஹார்விங்கற இங்கிலாந்து டாக்டர் தன்னோட புஸ்தகத்துல படம் போட்டுக் காட்டினது இதைத்தான். அதுவரைக்கும் கல்லீரல் புதுசு புதுசா ரத்தம் செய்யுது, உடம்பு அதைத் தீத்துடுதுன்னு நம்பினாங்க. அவர் கணக்குப் போட்டாரு, அரை மணி நேரத்துல இதயம் தள்றதே மொத்த ரத்தத்தை விட ஜாஸ்தி, அவ்வளவையும் எந்தச் சாப்பாட்டுலேருந்து செய்யறது, அப்ப போனதேதான் திரும்பி வருதுன்னு.

இப்ப கதை. 1929, ஜெர்மனி, வெர்னர் ஃபோர்ஸ்மன்னு ஒரு இளவயசு டாக்டர். கை சிரை வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டா இதயத்துக்கே போயிடலாம்னு சொல்றாரு. பெரிய டாக்டர் கூடாதுன்னுட்டாரு. ஆனா கருவியெல்லாம் ஒரு நர்ஸ் அம்மா கையில இருக்கு, நைஸா பேசிப் பேசி, அவங்க என் மேலயே செய்யுங்கன்னு டேபிள்ல படுத்துட்டாங்க. இவரு என்ன செஞ்சாரு? அவங்களைக் கட்டிப் போட்டுட்டு, அவங்க கையில செய்யற மாதிரியே பாவ்லா காட்டிட்டு, திரும்பி நின்னு தன்னோட கையைக் கீறி குழாயை விட்டுக்கிட்டாரு! அந்தம்மாவுக்கு வந்த கோவத்தை நீங்களே நெனச்சுக்கங்க. கட்டை அவுத்துவிட்டு ரெண்டு பேரும் எக்ஸ்ரே ரூமுக்கு நடந்தே போறாங்க, கையில குழாய் தொங்குது, அங்க ஒரு கூட்டாளி அதைப் புடுங்க வர்றாரு, அவரை உதைச்சுத் தள்ளிட்டு திரையைப் பாத்துக்கிட்டே உள்ள தள்றாரு, 65 சென்டிமீட்டர், நுனி வலது பக்க மேலறைக்குள்ள. பாராட்டுக்குப் பதிலா திட்டுதான் கெடைச்சுது, மனசு விட்டுப்போய் சிறுநீரகப் பக்கம் போயிட்டாரு, 1956ல நோபல் வந்துச்சு, இன்னும் ரெண்டு பேரோட. இன்னிக்கு ஆஞ்சியோவுக்குக் குழாய் விடறாங்களே, அந்த வழிக்கு முதல் ஆள் இவருதான்.

ஏன் இவ்வளவு நீட்டினேன்னா, அவரு தன் கையால செஞ்சாரு. நாம? எனக்கு நாலடி தள்ளி ஒருத்தர் சாஞ்சாரு, சுத்தி இருபது பேர், ஒருத்தர் தண்ணி தெளிச்சாரு, ஒருத்தர் விசிறினாரு, நான் சும்மா நின்னேன். அவரு போயிட்டாரு. ஹார்ட் அட்டாக் வேற, இப்படி கார்டியாக் அரெஸ்ட்ல சாயறது வேற, அங்க ரத்தக்குழாய் அடைக்குது, இங்க இதயமே நின்னுடுது. மூளை நாலஞ்சு நிமிஷம்தான் தாங்கும், ஆம்புலன்ஸ் அதுக்குள்ள வருமா? கூப்பிட்டா முழிக்கல, ஒழுங்கா மூச்சு இல்லன்னா ஆம்புலன்ஸுக்கு போன் போடச் சொல்லிட்டு, நெஞ்சு நடுவுல உள்ளங்கையோட அடிப்பகுதியை வெச்சு, முழங்கை மடங்காம, 5 லேருந்து 6 சென்டிமீட்டர் அமுங்கற அளவு, நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை அமுக்கணும். எல்லாரும் மறக்கறது, ஒவ்வொரு தடவையும் முழுசா விடணும். அமுக்கும்போது ரத்தம் வெளிய போகுது, விடும்போதுதான் உள்ள நிரம்புது, இதயத்தோட சொந்தக் குழாய்க்கே அப்பத்தான் பெரும்பாலும் ரத்தம் கெடைக்குது. வெள்ளம் வருமுன்னே, அதாவது ஆள் சாயறதுக்கு முன்னாடியே இதைக் கத்துக்கங்கன்னுதான் நான் மேடை மேடையா கத்திட்டிருக்கேன்.

தலைவர் மணி அடிச்சுட்டாரு. சாப்பாடு அடுத்த கூட்டத்துல. கீழ பயிற்சி பொம்மை வெச்சிருக்கேன், ஆளுக்கு ரெண்டு நிமிஷம், முதல் ஆளா தலைவர் ஐயா வரணும். மணி அடிச்சீங்கல்ல, வாங்க ஐயா. வாட்சை மட்டும் கழட்டி பொருளாளர்கிட்ட குடுத்துடுங்க, அவரு எண்ணுவாரு.